மீட்டரை எங்கே பிடிப்பது, எந்தப் பக்கம் திருப்புவது

பெங்களூர் அல்சூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம் என்று வைத்துக்கொள்வோம். மாப்பிள்ளை வெள்ளைப் பட்டு வேட்டி சட்டை, பெண்ணுக்கு அரக்குக் கூறைப்புடவை, இருவரும் மாநிறம். மேடைக்கு எதிரே வீடியோக்காரரின் எல்இடி விளக்கு அசையாமல் நிற்கிறது. கேமரா அபர்ச்சர் பிரையாரிட்டியில், அதாவது லென்ஸின் திறப்பை (எஃப் எண்) நாம் வைப்போம், ஷட்டர் வேகத்தைக் கேமராவே தேர்ந்தெடுக்கும். எஃப்/4, ஐஎஸ்ஓ 1600. மாப்பிள்ளையை இடுப்பளவு எடுத்தால் ஷட்டர் 1/250க்குப் போகிறது, முகம் கறுத்துவிடுகிறது. பெண் பக்கம் திருப்பினால் 1/60க்கு இறங்குகிறது. முகம் வெளிறி, நெற்றிச்சுட்டியின் கல்லெல்லாம் ஒரே வெள்ளையாகிறது. இருவரும் நிற்பது ஒரே விளக்கின் முன்னால். மேடையில் விழும் ஒளி இம்மியும் மாறவில்லை. மாறியது துணி மட்டும்.

கேமராவுக்குள் இருக்கும் மீட்டர், லென்ஸ் வழியாகத் திரும்பி வரும் ஒளியைத்தான் அளக்கிறது. எதிரே இருப்பது வெள்ளைத் துணியா கருங்கல்லா என்று அதற்குத் தெரியாது. எதைக் காட்டினாலும், அது நடுத்தரச் சாம்பலாகப் பதிய என்ன எக்ஸ்போஷர் வேண்டுமோ அதைச் சொல்லும். வெள்ளை வேட்டி தன்மேல் விழும் ஒளியில் 80, 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. 18 சதவீதச் சாம்பல் அட்டையோடு ஒப்பிட்டால் இது இரண்டு ஸ்டாப்புக்கும் சற்று மேல் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்காவது, அல்லது பாதியாவது). ஃபிரேம் முழுக்க வேட்டியானால் படம் அத்தனை ஸ்டாப் அண்டர், அதாவது இருட்டு. 1983இல் வந்த நிக்கான் எஃப்ஏ ஃபிரேமைப் பல கட்டங்களாகப் பிரித்து அளந்தது. இன்றைய கேமராக்கள் முகத்தையே கண்டுபிடித்து அளக்கின்றன. நல்ல யூகம்தான், ஆனாலும் யூகம். கட்டம் சற்று நகர்ந்தால் எண்ணும் நகரும், ஆல்பம் போடுகிறவர் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகத் திருத்த வேண்டியிருக்கும்.

கையில் பிடிக்கும் இன்சிடென்ட் (விழும் ஒளி) மீட்டர் துணியைப் பார்ப்பதே இல்லை. மாப்பிள்ளையின் தாடைக்குக் கீழே அதைப் பிடித்து, அதன் அரைக்கோள வெள்ளை மூடியான டோமைக் கேமரா பக்கம் திருப்பி, பொத்தானை அழுத்தினால், அந்த இடத்தில் வந்து விழும் ஒளியை அளக்கிறது. 320 லக்ஸ் (விழும் ஒளியின் அலகு) விழுந்தால் ஐஎஸ்ஓ 1600க்கு எஃப்/4, 1/125. மாப்பிள்ளைக்கும் அதுதான், பெண்ணுக்கும் அதுதான், பக்கத்தில் நிற்கும் கறுத்த தாய்மாமாவுக்கும் அதுதான். அவரவர் அவரவர் நிறத்தில் பதிவார்கள். நம் மக்களைப் படம் எடுக்கிறவர்கள் இந்த முறையைக் கட்டாயம் பழகவேண்டும் என்று அழுத்திச் சொல்வேன். கறுத்த முகத்தை வெளுக்கவைக்காமல், வெள்ளைச் சட்டைக்காக முகத்தைக் கரியாக்காமல் எடுக்க இதைவிட நேரான வழி இல்லை.

கணக்கு எளிது. எக்ஸ்போஷர் வேல்யூ, சுருக்கமாக இ.வி., என்பது திறப்பையும் ஷட்டரையும் சேர்த்துச் சொல்லும் ஒரே எண். எஃப்/1, 1 நொடி என்பது இ.வி. 0. அதற்கு மேல் ஒவ்வொரு எண்ணும் இரண்டு மடங்கு ஒளி. ஐஎஸ்ஓ 100க்கு, டோமுக்குப் பதில் தட்டையான டிஸ்க் உள்ள மீட்டரில், இ.வி. 0 என்பது 2.5 லக்ஸ். அதை இரட்டித்துக்கொண்டே போனால் இ.வி. 5க்கு 80 லக்ஸ், 7க்கு 320, 10க்கு 2,560, 15க்கு ஏறக்குறைய 82,000. தெளிந்த வெயில் இந்தக் கடைசி எண், எஃப்/16, 1/125. மண்டபத்து 320 லக்ஸ் ஐஎஸ்ஓ 100இல் இ.வி. 7. ஐஎஸ்ஓ 1600 என்பது நான்கு ஸ்டாப் கூடுதல், ஆக 11. எஃப்/1இலிருந்து எஃப்/4 வரை 4 ஸ்டாப், 1 நொடியிலிருந்து 1/125 வரை 7, கூட்டினால் 11. இந்தக் கூட்டல் மனசில் ஓட ஆரம்பித்தால், மீட்டர் தவறான எண்ணைக் காட்டும் நாளில் பார்த்தவுடனே பிடித்துவிடலாம்.

இரண்டு மீட்டர்கள் ஒன்றுக்கொன்று கால், மூன்றில் ஒரு ஸ்டாப் வேறுபட்டால் பழுது என்று நினைக்க வேண்டாம். திரும்பும் ஒளியை எக்ஸ்போஷராக மாற்றும் கணக்கின் மாறிலியைக் கேனன், நிக்கான், செக்கானிக் 12.5 என்று வைக்கின்றன. மினோல்ட்டாவும் பென்டாக்ஸும் 14. இதிலேயே ஆறில் ஒரு ஸ்டாப் போகிறது. விழும் ஒளிக்குத் தட்டை டிஸ்க்கில் 250, டோமில் 320 முதல் 340 வரை. மீட்டர்கள் எல்லாம் 18 சதவீதச் சாம்பலுக்குச் சரிசெய்யப்பட்டவை என்று பலரும் சொல்கிறார்கள். இந்த எண்களை வைத்துப் போட்டுப் பார்த்தால் டோம் மீட்டருக்கு நிகரான சாம்பல் 12 சதவீதம் பக்கம்தான் வருகிறது. அதனால் சாம்பல் அட்டையை, ஒரு சின்ன வட்டத்திலிருந்து திரும்பும் ஒளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரால் அளந்தால், அதே இடத்தில் டோம் சொல்வதைவிட அரை ஸ்டாப்புக்குச் சற்று மேல் குறைவான எக்ஸ்போஷர் வரும். இரண்டில் எது சரி என்று சண்டை போடுவதில் பயனில்லை. ஒன்றை எடுத்துக்கொண்டு உங்கள் கேமராவோடு பொருத்திக்கொள்ளுங்கள்.

பொருத்துவது இப்படி. மேகமில்லாத வெளிச்சம் அல்லது ஒரே சீராக விழும் ஒரு விளக்கு. சாம்பல் அட்டையை நிற்கவைத்து, அட்டையின் முகத்தில் மீட்டரை ஒட்டிப் பிடித்து டோமைக் கேமரா பக்கம் திருப்பி அளவெடுங்கள். கேமராவை மேனுவலில் வைத்து, அட்டை ஃபிரேமின் நடுவில் நிறையும்படி, சொன்ன எக்ஸ்போஷரிலும், அதற்கு ஒரு ஸ்டாப் மேலும் கீழுமாக மூன்றில் ஒரு ஸ்டாப் படிகளிலும் எடுங்கள். எஸ்ஆர்ஜிபி ஜேபெக்கில் 18 சதவீதச் சாம்பலின் எண் (0 கறுப்பு, 255 வெள்ளை என்ற அளவில்) 118 அருகே விழவேண்டும். கேமராவின் டோன் கர்வ் இதைக் கொஞ்சம் நகர்த்தும், அதனால் பிக்சர் ஸ்டைலை நியூட்ரலில் வைத்துப் பாருங்கள். எந்தப் படியில் 118 பக்கம் வருகிறதோ அந்த வித்தியாசத்தை மீட்டரின் காலிபரேஷன் மெனுவில் போட்டுவிடலாம். மெனு இல்லாத மீட்டரில் ஐஎஸ்ஓ எண்ணை நகர்த்தினால் போதும்.

இனி டோம். 1930களின் பிற்பகுதியில் டொனால்ட் நார்வுட் கொண்டுவந்த யோசனை இது: முகம் தட்டையானதல்ல, முன்னாலும் பக்கத்திலும் மேலேயும் ஒளி வாங்கும், மீட்டரின் முகமும் அப்படியே அரைக்கோளமாக இருக்கட்டும். தட்டை டிஸ்க், ஒளி பக்கவாட்டில் 90 டிகிரியில் வந்தால் பூஜ்யம் காட்டும். டோம் பாதி காட்டும், அதாவது ஒரு ஸ்டாப் மட்டும் கூடுதலாகத் திறக்கச் சொல்லும். ஆள் முகத்துக்கு டோம். ஓவியம், பத்திரம், சுவரில் மாட்டிய படம் போன்ற தட்டையானவற்றை நகலெடுக்கவும், விளக்குகளைத் தனித்தனியாக ஒப்பிடவும் டிஸ்க். சில மீட்டர்களில் டோமைத் திருகி உள்ளே இறக்கினால் அதுவே டிஸ்க் மாதிரி வேலை செய்யும். சிலவற்றில் கழற்றி மாட்ட வேண்டும்.

பெங்களூரில் டோமின் இந்தக் குணம் முக்கியமாகிறது. ஊர் 13 டிகிரி வடக்கு. ஏப்ரல் 24 சுற்றியும் ஆகஸ்ட் 18 சுற்றியும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில், நட்டுவைத்த கம்புக்கு நிழலே விழாது. இடைப்பட்ட மாதங்களிலும் உச்சி வெயில் உச்சியை ஒட்டித்தான். அந்த நேரத்தில் ஆளை நிற்கவைத்து டோமைக் கேமரா பக்கம் திருப்பினால், டோமின் மேல்பாதி வெயிலில், கீழ்ப்பாதி நிழலில். டோமுக்கு நேரே வெயில் விழும்போது எஃப்/16 சொன்ன மீட்டர் இப்போது எஃப்/11 சொல்லும். கண்குழிக்கு அது நல்லது. நெற்றி, மூக்கு நுனி, வெள்ளைச் சட்டையின் தோள் எல்லாம் ஒரு ஸ்டாப் ஓவராகிவிடும். நெகட்டிவ் ஃபிலிம் அதைத் தாங்கிக்கொள்ளும், டிஜிட்டல் தாங்காது. இதற்கு இரண்டு அளவு எடுப்பது பழைய வழக்கம்: ஒன்று டோம் கேமரா பக்கம், இன்னொன்று டோம் சூரியன் பக்கம். எஃப்/11, எஃப்/16 என்று வந்தால் நடுவில் எஃப்/13 வையுங்கள். கண்குழியைத் தூக்க ஒரு தெர்மாக்கோல் ஷீட்டை இடுப்பு உயரத்தில் ஆளுக்கு முன்னால் படுக்கையாகப் பிடித்தால் போதும். ஷீட்டைப் பிடித்த பிறகு மறுபடி அளவெடுக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

சூரியன் ஆளின் பின்னால் இருந்தால் டோம் கேமரா பக்கம்தான், ஆனால் வெயில் டோமின் உச்சியைத் தொடாமல் இன்னொரு கையால் மறைத்துக்கொள்ளுங்கள். தொட்டால் முகத்துக்கு வேண்டியதைவிடக் குறைவான எக்ஸ்போஷர் சொல்லும். மீட்டர் பிடித்த கையை உங்கள் உடம்பிலிருந்து எட்ட நீட்டிப் பிடியுங்கள். உங்கள் உடம்பு ஒளியை மறைக்கக்கூடாது, உங்கள் சிவப்புச் சட்டை டோமில் பிரதிபலிக்கவும் கூடாது.

கப்பன் பார்க்கின் தூங்குமூஞ்சி மரங்களுக்கு அடியில் நிழல் இ.வி. 10, 11, இலை இடுக்கில் விழும் வெயில் திட்டு 15. நான்கைந்து ஸ்டாப் வித்தியாசத்தை எந்த மீட்டரும் சரிசெய்துவிடாது. டோமை முகம் இருக்கப்போகும் இடத்தில் பிடித்து மெதுவாக நகர்த்திப் பாருங்கள், எண் எங்கே தாவாமல் நிற்கிறதோ அங்கே ஆளை நிறுத்துங்கள். மீட்டர் இங்கே எக்ஸ்போஷர் சொல்வதைவிட இடம் தேடித் தருவதில்தான் அதிகம் உதவுகிறது. ஜூலை, ஆகஸ்ட் மேகம் இன்னொரு சோதனை. வெயில் 15இல் இருந்து அடர்ந்த மேகத்தின் 12க்கு ஒரு நிமிஷத்துக்குள் இறங்கும், திரும்ப ஏறும். இரண்டு நிலைக்கும் முதலிலேயே அளந்து, இரண்டு எண்ணையும் நினைவில் வைத்து, ஷட்டரை மூன்று ஸ்டாப் தள்ளித் தள்ளி எடுப்பது ஒவ்வொரு முறையும் மீட்டரைத் தூக்குவதைவிட வேகமானது. லால்பாக் பாறைமேல் நிற்கிறவரைக் கீழே இருந்து எடுக்கும்போது அவரிடம் ஓட வேண்டியதில்லை. அவர்மேலும் உங்கள்மேலும் அதே வெயில்தான். நின்ற இடத்திலேயே, அவர் முகம் இருக்கும் திசைக்கு இணையாக டோமைத் திருப்பி அளந்துகொள்ளலாம்.

ஃபிளாஷ் வைத்து வேலை செய்கிறவர்களுக்கு மீட்டர் இல்லாமல் காலம் தள்ளுவது கஷ்டம். ஃபிளாஷ் ஒளி ஆயிரத்தில் ஒரு நொடி, அதற்கும் குறைவாக வந்து போய்விடும். ஷட்டர் வேகம் அதைப் பாதிக்காது, அபர்ச்சர் மட்டும்தான். மீட்டரில் ஐஎஸ்ஓவையும், கேமராவின் சிங்க் வேகத்துக்குள் (ஃபிளாஷோடு ஒத்துப்போகும் அதிகபட்ச ஷட்டர் வேகம்) 1/160 போல ஒரு ஷட்டரையும் போட்டு, கார்ட்லெஸ் ஃபிளாஷ் மோடில் வைத்துக் காத்திருக்கச் செய்து, ஃபிளாஷை அடியுங்கள். எஃப்/8 என்று வரும். முதலில் ஒவ்வொரு விளக்காக, டிஸ்க்கை அந்தந்த விளக்கின் பக்கம் திருப்பி அளக்க வேண்டும். மெயின் லைட் எஃப்/8, கேமரா பக்கமிருந்து வந்து நிழலை நிரப்பும் ஃபில் எஃப்/4 என்றால் இரண்டுக்கும் வித்தியாசம் 4:1. முகத்தில் விழும் விகிதம் அதுவல்ல. ஃபில் இரு கன்னத்திலும் விழுகிறது, மெயின் ஒரு கன்னத்தில் மட்டும். ஆக ஒரு பக்கம் 4+1, மறுபக்கம் 1, அதாவது 5:1. கல்யாணத்துக்கு இது அதிகம், ஃபில்லை எஃப்/5.6க்கு ஏற்றினால் 3:1 வரும், மாநிற முகத்துக்கு எனக்குப் பிடித்த அளவு அதுதான். எல்லாம் அமைந்த பிறகு டோமை வெளியே எடுத்து, தாடைக்குக் கீழ், கேமரா பக்கம் திருப்பி, எல்லா விளக்கையும் சேர்த்து அடித்து வரும் எண்ணைக் கேமராவில் வையுங்கள்.

விளக்கை நகர்த்தினால் எண் எவ்வளவு மாறும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு: தூரம் 1.4 மடங்கானால் ஒரு ஸ்டாப் குறையும், இரட்டித்தால் இரண்டு ஸ்டாப். சின்ன விளக்கை முன்வரிசைக்கு 2 மீட்டரில் வைத்தால், பின்வரிசையில் 2.8 மீட்டரில் நிற்கும் பாட்டிக்கு ஒரு ஸ்டாப் குறைவு. குரூப் போட்டோவில் மீட்டரை முன்வரிசை, பின்வரிசை, இரண்டு ஓரங்கள் என்று நான்கு இடத்திலும் பிடித்துப் பாருங்கள். வித்தியாசம் மூன்றில் ஒரு ஸ்டாப்புக்குள் வரும்வரை விளக்கைப் பின்னால் தள்ளி, பவரைக் கூட்டுங்கள். ஸ்டுடியோவில் வெள்ளைப் பின்னணி வேண்டுமென்றால் பின்னணித் துணிமேல் விழும் ஒளி ஆளைவிட ஒரு ஸ்டாப் அதிகம் இருந்தால் போதும். இரண்டு, மூன்று என்று ஏற்றினால் அந்த ஒளி திரும்பி வந்து கன்னத்து ஓரத்தையும் தலைமுடியையும் அரிக்கும்.

ஃபிளாஷ் அளவு அபத்தமாக வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது டிடிஎல், அதாவது லென்ஸ் வழியாக அளந்து ஃபிளாஷின் பவரைக் கேமராவே தீர்மானிக்கும் மோடு. அந்த மோடில் ஃபிளாஷ் முன்கூட்டியே ஒரு சின்ன அடி அடிக்கும். மீட்டர் அதைப் பிடித்துக்கொண்டு உண்மையான அடியை விட்டுவிடும். மேனுவலுக்கு மாற்றுங்கள். சிங்க் வேகத்தைத் தாண்டி எடுக்க உதவும் ஹைஸ்பீட் சிங்க்கில் ஃபிளாஷ் துடித்துத் துடித்து எரிவதால் சாதாரண மீட்டர்களால் அதை அளக்க முடியாது.

இவ்வளவு சொன்னாலும், ஆளிடம் போய் நிற்க முடியாத இடத்தில் இன்சிடென்ட் மீட்டர் உதவாது. சௌடையா ஹாலில் பரதநாட்டியம். மேடை கறுப்பு, ஆடுகிறவர்மேல் மட்டும் ஸ்பாட்லைட். இங்கே ஒரு டிகிரி ஸ்பாட் மீட்டர். 15 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அந்த ஒரு டிகிரி வட்டம் 26 செ.மீ.; முகமும் கொஞ்சம் தலைச்சாமானும் அடங்கும். கேமராவின் ஸ்பாட் பெரும்பாலும் இதைவிடப் பெரிய வட்டம், டெலி லென்ஸ் மாட்டினால் பரவாயில்லை. மாநிற முகத்தை அளந்தால் வருவதை அப்படியே வைக்கலாம். மேக்கப் போட்ட முகம் வெளுப்பு, அதற்கு முக்கால் முதல் ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும். கறுத்த முகமானால் ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும். கையில் எதுவும் இல்லாதபோது உங்கள் உள்ளங்கை உதவும். தோல் எந்த நிறமானாலும் உள்ளங்கைகளுக்குள் வேறுபாடு குறைவு, நடுச் சாம்பலைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் வெளுப்பு. ஆள் நிற்கும் ஒளியிலேயே உள்ளங்கையைப் பிடித்து அளந்து ஒரு ஸ்டாப் திறந்தால் போதும். ஒருமுறை சாம்பல் அட்டையோடு வைத்து உங்கள் கைக்கு உரிய எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்பாட் மீட்டரின் உண்மையான பலம் காட்சியின் வீச்சை அளப்பதில். அல்சூர் சோமேஸ்வரர் கோயில் மண்டபத்துக் கருங்கல் தூணும், வெளியே வெயில் படும் தரையும் ஒரே படத்தில் வேண்டும் என்றால் இரண்டையும் அளந்து எத்தனை ஸ்டாப் என்று பாருங்கள். நெகட்டிவ் ஃபிலிமுக்கு, விவரம் வேண்டிய நிழலை அளந்து இரண்டு ஸ்டாப் மூடுங்கள். அமெரிக்கப் புகைப்படக்காரர்கள் ஆன்செல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940 வாக்கில் வகுத்த, கறுப்பு முதல் வெள்ளை வரை படிகளாகப் பிரிக்கும் ஸோன் சிஸ்டத்தில் அது மூன்றாவது ஸோன். டிஜிட்டலுக்குத் தலைகீழ்: விவரம் வேண்டிய வெள்ளையை அளந்து இரண்டு ஸ்டாப் திறங்கள், நிழலைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம்.

கையிலிருக்கும் மீட்டருக்கு லென்ஸ் முன்னால் என்ன மாட்டியிருக்கிறது என்று தெரியாது. போலரைசர் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் தின்னும், அடர்சிவப்பு ஃபில்டர் மூன்று. 1:1 மேக்ரோவில் லென்ஸ் நீள்வதாலேயே இரண்டு ஸ்டாப் போய்விடும், தாலியையும் மோதிரத்தையும் நெருங்கி எடுக்கிறவர்கள் இதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நிறைய கண்ணாடிகள் கொண்ட ஸூம் லென்ஸில் எஃப்/2.8 என்று எழுதியிருந்தாலும் உள்ளே போவது மூன்றில் ஒரு ஸ்டாப் குறைவாக இருக்கலாம். சினிமாக்காரர்கள், லென்ஸ் உண்மையில் உள்ளே விடும் ஒளியைச் சொல்லும் டி-ஸ்டாப் எண்ணில் வேலை செய்வது இதனால்தான். மண்டபத்து மலிவு எல்இடி, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை துடிக்கும். மீட்டர் அதன் சராசரியைத்தான் காட்டும். 1/500 வைத்து எடுத்தால் ஒரு படம் இருண்டு ஒரு படம் வெளுத்து வரிவரியாக வரும், மீட்டரைக் குறை சொல்ல முடியாது. 1/50 அல்லது 1/100க்கு இறங்குங்கள். மேடையில் ஒரே நிறத்தில் ஊதா, சிவப்பு விளக்கு போட்டால் மீட்டர் தடுமாறும், அதன் செல் கண்ணைப்போலவோ சென்ஸரைப்போலவோ நிறத்தைப் பார்ப்பதில்லை. அங்கே கேமரா காட்டும் ஹிஸ்டோகிராமில் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) சிவப்பு, நீலச் சானல்களைத் தனியாகப் பார்ப்பதே வழி.

ஃபோன் ஆப்களில் இரண்டு வகை. கேமராவால் பார்ப்பது திரும்பும் ஒளி மீட்டர். அகன்ற லென்ஸ் என்பதால் வானம் உள்ளே வந்து ஏமாற்றும், கீழே சாய்த்துப் பிடியுங்கள். ஆண்ட்ராய்டில் திரைக்கு மேலே உள்ள ஒளி சென்ஸரை வைத்து லக்ஸ் காட்டுவது இன்சிடென்ட் வகை. ஃபிலிம் கேமராவுக்குத் தோராயமாக உதவும். எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் பிஎச் 1750 என்ற ஒளி சென்ஸரை வாங்கிச் சொந்தமாக மீட்டர் செய்கிற இன்ஜினியர் பிள்ளைகள் இந்த ஊரில் உண்டு. வீட்டுக்குள் அருமையாக வேலை செய்யும், வெயிலுக்கு வந்ததும் ஒரே எண்ணில் நின்றுவிடும். காரணம், அதன் 16 பிட் எண்ணிக்கை 65,535இல் முடிகிறது, ஒரு லக்ஸுக்கு 1.2 எண்ணிக்கை என்பதால் 1.2ஆல் வகுத்தால் 54,612 லக்ஸ். வெயிலோ 82,000. டேபிள் டென்னிஸ் பந்தைப் பாதியாக வெட்டி மேலே கவிழ்த்தால் டோமும் ஆயிற்று, ஒளியும் குறைந்தது. எவ்வளவு குறைந்தது என்பதை நம்பகமான மீட்டரோடு வைத்து, நிழலில் ஒன்று வெயிலில் ஒன்று அளந்து, பெருக்கெண்ணாகப் போட வேண்டும்.

பழைய மீட்டர் வாங்குகிறவர்கள் உள்ளே என்ன செல் என்று முதலில் கேளுங்கள். செலினியம் என்றால் பேட்டரி வேண்டாம். ஒளி பட்டால் அதுவே மின்சாரம் உண்டாக்கி ஊசியை நகர்த்தும். மங்கல் ஒளியில் பலமில்லை, ஈரம் பட்டால் செல் சாகும். அதைச் சோதிக்க வெளிச்சத்தில் பார்த்தால் போதாது, வெயிலில் சரியாகக் காட்டி நிழலில் இரண்டு ஸ்டாப் குறைவாகக் காட்டுவது செத்துக்கொண்டிருக்கும் செலினியத்தின் வழக்கம். இ.வி. 15, 12, 8 என்று மூன்று இடத்தில், வேலை செய்யும் மீட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றிலும் ஒரே அளவு பிழை என்றால் ஐஎஸ்ஓவை நகர்த்திச் சமாளிக்கலாம். இடத்துக்கு இடம் பிழை மாறினால் வாங்க வேண்டாம். காட்மியம் சல்பைடு செல் மங்கலிலும் அளக்கும், ஆனால் வெயிலைக் காட்டிவிட்டு உடனே இருட்டுக்குக் கொண்டுபோனால் தெளிய நேரம் எடுத்துக்கொள்ளும். இவற்றில் பல, இப்போது கிடைக்காத 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அந்த இடத்தில் 1.5 வோல்ட் அல்கலைன் போட்டால், எளிய சுற்றுள்ள மீட்டர் ஒளி அதிகம் என்று நினைத்து அண்டர் சொல்லும், பேட்டரி தேயத் தேய எண்ணும் நகரும். காது மெஷினுக்குப் போடும் 675 ஜிங்க் ஏர் பேட்டரி 1.4 வோல்ட்டில் நிலையாக நிற்கும், மருந்துக் கடையிலேயே கிடைக்கும். சின்னதாக இருப்பதால் சுற்றி ஒரு ரப்பர் வளையம் வேண்டும். ஸ்டிக்கரை உரித்த நாளிலிருந்து அதன் ஆயுள் கரைய ஆரம்பித்துவிடும் என்பதால் படம் எடுக்கப்போகும் வாரத்தில் உரியுங்கள். சிலிக்கான் செல் உள்ள மீட்டரானால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. டோம் மஞ்சளாகியிருக்கிறதா, பேட்டரி அறையில் பச்சை பூத்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். டோமை ஸ்பிரிட் போட்டுத் துடைக்காமல் லேசாக ஈரமான துணியால் துடையுங்கள்.